சனிக்கிழமைச் செவ்வரத்தை

தன் சொந்த வீட்டுக்குள் போவதற்கு கில்பட் படலையில் நின்று செருமுவார். செருமலுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். இன்னொரு தரம் செருமுவார். அதற்கும் பதில் இராது. பதில் இல்லாததுதான் அனுமதி. வரக்கூடாத நாட்களில் அனஸ்தாசியா படலைக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, பூட்டின் மேல் ஈரத் துணி ஒன்றையும் காயப் போட்டிருப்பாள். சனிக்கிழமை பின்னேரம் மட்டும் சங்கிலியும் இராது, துணியும் இராது.

அந்தப் படலையை அடித்தவர் கில்பட். வீட்டுக்குச் சீமெந்து குழைத்தவரும் அவர்தான். இப்போது அவர் கிடப்பது கடற்கரையில், மச்சான் வலை வைக்கிற கொட்டிலில், வாடியில். வீட்டுக்கும் வாடிக்கும் இடையில் ஒரு பீடி பத்தி முடிகிற தூரம். அந்தத் தூரத்தைச் சனிக்கிழமைகளில் அவர் பீடி பத்தாமல் நடப்பார். அனஸ்தாசியாவுக்குப் பீடி வாசம் பிடிக்காது. கூட இருந்த காலத்தில் அவர் இதையெல்லாம் யோசித்ததில்லை.

விஷயம் இதுதான். யுத்தம் முடிந்து கொஞ்சக் காலத்தில், சிலாபம் தொடங்கிக் கற்பிட்டி வரை கரையெல்லாம் அவுஸ்திரேலியா என்று ஒரே கதையாகக் கிடந்தது. கில்பட்டின் ஒரே மகன் அன்ரன் ஒரு மீன்பிடி றோலரில் கள்ளமாக ஏறிப் போனான். ஏற்றிவிட்டவர் கில்பட். அனஸ்தாசியாவிடம் அவர் சொன்னது, நீர்கொழும்பில் ஒரு மாடி வீட்டுக்கு மாபிள் பதிக்கப் போயிருக்கிறான் என்று. சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். கில்பட் ஒரு வேலையைத் தொட்டால் அரைகுறையாக விடுகிற ஆள் அல்ல. முதல் கிழமை விறாந்தை முடிந்துவிட்டது என்றார். அடுத்த கிழமை குசினி. குசினிக்கு வெள்ளை மாபிள், ஓரத்துக்கு நீலம் என்றார். கதையில் அன்ரன் குளியலறைச் சுவரில் நிற்கும்போது, அவுஸ்திரேலியாக்காரரின் கிறிஸ்மஸ் தீவில் இருந்து அவனுடைய போன் கோல் வந்தது.

அனஸ்தாசியா அழுது முடித்தபின், கில்பட்டின் சாரங்களையும் சேட்டுகளையும் மடித்து ஒரு பையில் போட்டுப் படலையில் வைத்தாள். "அனுப்பினதுக்கு இல்ல. குசினிக்கு ஓரம் நீலம் எண்டு சொன்னீங்களே, அதுக்கு" என்றாள். அதுதான் அவள் அவரோடு நேராகக் கதைத்த கடைசிக் கதை. நாலு வருஷமாகிறது.

கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அதனால் பாதருக்கு வெகு காலம் விஷயமே தெரியாமல் இருந்தது.

சனிக்கிழமை எங்கே இருந்து வந்தது என்றால், அந்தோனியாரிடம் இருந்து வந்தது. ஆலங்குடாவுக்கு இந்தப் பக்கம் உள்ள அந்தச் சின்னக் கோயிலுக்குப் பூ வைக்கிற பொறுப்பு கில்பட்டுடையது. உவர் மணலில் எந்தக் கேள்வியும் கேட்காமல் வளருகிற பூ செவ்வரத்தைதான். ஊரில் அது இல்லாத வீட்டு வளவு இல்லை. ஆனால் அது ஒருநாள் பூ. காலையில் விரிந்து பின்னேரம் கூம்பிவிடும். ஆகவே சனிக்கிழமை பின்னேரம் மொட்டோடு கொப்பை வெட்டித் தண்ணீரில் வைத்தால்தான் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு விரியும். கில்பட் கத்தியோடு வீடு வீடாகப் போவார். கடைசி வீடு அனஸ்தாசியாவின் வீடு. அதைக் கடைசியாக வைத்துக்கொண்டது தற்செயல் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

அங்கே மூன்று மரங்கள். முன் யன்னலடியில் ஒன்று, குசினிப் பக்கம் ஒன்று, கிணற்றடியில் ஒன்று. கிணற்றடி மரம் அன்ரன் நட்டது. சின்ன வயதில் தடியைத் தலைகீழாக நட்டுவிட்டு, துளிர்க்கவில்லை என்று அழுதான். கில்பட் அதைப் பிடுங்கித் திருப்பி நட்டார். இப்போது அது கூரை உயரம்.

கில்பட் வெட்டுவார். அனஸ்தாசியா குசினி வாசலில் நின்று நாயோடு கதைப்பாள்.

"றெக்ஸ், முன் மரத்தில மேல் கொப்பத் தொட வேணாமெண்டு சொல்லு. வெட்டினா வெயில் நேரா யன்னலுக்க அடிக்கும்."

"றெக்ஸ், மேல் கொப்பத் தொடேல்ல எண்டு சொல்லு. பக்கக் கொப்பு மட்டுந்தான்."

"பக்கக் கொப்பு எண்டு சொல்லித்தான் போன மாசம் மொட்டையடிச்சவர் எண்டு சொல்லு."

றெக்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன்னால் ஆன உதவியாக வாலை ஆட்டும். வெட்டி முடிய, கிணற்றுக்கட்டில் பால் போடாத பிளேன்ரி இருக்கும். பிடி உடைந்த கோப்பை. மேலே ஒரு மூடி, மூடியில் ஒரு துண்டுப் பனங்கட்டி. அவள் வைத்ததை அவர் ஒருநாளும் கண்டதில்லை. திரும்பிப் பார்க்கும்போது இருக்கும். குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவார். அந்த ஒரு கோப்பைத் தேத்தண்ணிதான் ஒரு கிழமைக்கு.

கோப்பையைக் கழுவுகிறவர் கத்தியைக் கழுவமாட்டார். அது மந்திரித்த கத்தி. முன்பிருந்த பாதர் ஒரு பெருநாளில் வலைகளுக்கும் வள்ளங்களுக்கும் தீர்த்தம் தெளித்தபோது, கில்பட் நீட்டிய கத்திக்கும் தெளித்துவிட்டார். அதற்குப் பிறகு அதால் வெட்டி நட்ட தடியெல்லாம் பிடித்தது. செவ்வரத்தைத் தடி எந்தக் கத்தியால் வெட்டினாலும் பிடிக்கும் என்பதை ஊர் கணக்கில் எடுக்கவில்லை. கழுவினால் ஆசீர் போய்விடும், கிணற்று உப்புத் தண்ணீரில் கத்தியும் போய்விடும் என்று கில்பட் தேங்காயெண்ணெய்த் துணியால் துடைப்பதோடு சரி.

போன வருஷப் பெருநாளுக்குத் தேர் சோடிக்க, ஆலங்குடாக் கடற்கரை ஹொட்டல் ஒன்றிலிருந்து ஒரு வாகனம் நிறையச் செவ்வரத்தைக் கொப்பு வந்தது. பூ ஒவ்வொன்றும் சோற்றுப் பீங்கான் அளவு. இலைகளில் மஞ்சள் வளையம் வளையமாக, யாரோ குந்தியிருந்து கீறியது மாதிரி. கோயில் மூப்பர் இன்னாசிப்பிள்ளை ஒரு இலையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"வெளிநாட்டுச் சாதியெல்லே. இலையிலயே டிசைன் போட்டு வருது."

தேர் சுற்றி வந்து இறங்கியதும், தேர்க் கொப்பை ஒடித்துக்கொண்டு போய் வளவில் நடுவது அந்த ஊர் வழக்கம். அந்தோனியாரின் காலடியில் இருந்த தடி வீட்டு வாசலில் நிற்பது காவல் மாதிரி. முண்டியடித்துக் கொப்புகள் நாசமாகக் கூடாதென்று கில்பட் தன் மந்திரித்த கத்தியால் அளவாக வெட்டிக் கொடுத்தார். மஞ்சள் வளையத் தடிகள்தான் முதலில் முடிந்தன. பாக்கியம்மா அக்கா இரண்டு கேட்டு வாங்கினாள். ஒன்று தனக்கு, ஒன்று முசல்பிட்டியில் உள்ள மகளுக்கு.

நத்தார்ப் பண்டிகை கழிந்து கொஞ்ச நாளில் கிணற்றடி மரத்தில் அந்த வளையங்களைக் கில்பட் கண்டார். ஹொட்டல் தடியை அவர் அங்கே நடவேயில்லை. முதலில் சந்தோஷப்பட்டார். டிசைன் நமது மரத்துக்கும் வந்துவிட்டதே. பிறகு இலை சுருங்கத் தொடங்கியது. பூ ஒரு பக்கம் சூம்பி, யாரோ பிழிந்து போட்ட துணி மாதிரி விரிந்தது. மாசிக்குள் குசினிப் பக்கத்து மரம். பிறகு யன்னலடி. அவர் சாம்பல் தூவினார். புகையிலைத் தண்ணீர் தெளித்தார். கருவாடு கழுவிய தண்ணீரை ஊற்றினார். அதனால் றெக்ஸ் மரத்தடியைவிட்டு இரண்டு நாள் எழும்பவில்லை, வேறு பலன் இல்லை.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கொப்பு வெட்டுகிற சாட்டில் மஞ்சள் இலைகளைக் கிள்ளிச் சாரத்து மடியில் செருகிக்கொண்டு போய் வாடியடியில் எரிப்பது. அனஸ்தாசியா பார்ப்பதற்குப் பச்சை மட்டும் மிஞ்சும். வரவர அந்தப் பச்சையும் குறைந்து வந்தது.

"றெக்ஸ்," என்றாள் ஒரு சனிக்கிழமை, அரிசி புடைத்துக்கொண்டு. "இந்த ஊரில மஞ்சள் இலைய மட்டும் தெரிஞ்செடுத்துத் தின்னுற ஆடு இருக்கோ எண்டு கேளு."

கில்பட்டின் மடியில் இலைகள் சரசரத்தன. "சோளகம் வரப்போகுதெல்லே, றெக்ஸ்," என்றார். "காத்துக்கு இலை கொட்டுறதுதானே."

பாஸ்குப் பண்டிகைக்கு முதல் கிழமை, விவசாயப் போதனாசிரியை அஸ்ரியா, லத்தீப் என்பவரின் வெங்காயத் தோட்டத்துக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, கில்பட் ஒரு இலையைச் சொப்பிங் பையில் சுற்றிச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனார். அஸ்ரியா தில்லையடி ஊர்ப் பிள்ளை. ஸ்கூட்டியில் வருவாள். வெங்காயப் பாத்தி வரம்பில் குந்தி இலைநுனி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், எனக்குத் தெரிஞ்ச ஒராளின்ட மரம்," என்று கில்பட் இலையை நீட்டினார்.

அஸ்ரியா அதை வாங்கித் திருப்பினாள். வெயிலுக்குப் பிடித்தாள். முகம் மாறியது.

"இது வைரஸ் அங்கிள். பேராதனை லாப்புக்கு அனுப்பிப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்லேலும். ஆனா இந்த வளையத்தப் பாத்தா வேற ஒண்டும் மாதிரி இல்ல."

"என்ன மருந்து மிஸ் அடிக்கிற?"

"மருந்து இல்ல."

"காய்ச்சலுக்கே மருந்து இரிக்கே."

"காய்ச்சல் வந்த மனிசன் எழும்பி நடக்கிறாரு. மரத்துக்கு வந்தா மரம் சாகும் வரைக்கும் உள்ளுக்குள்ள இரிக்கும். இலையக் கிள்ளினாலும் போகாது. வேரோட புடுங்கி எரிக்கணும்."

கில்பட் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "இது எப்பிடி மிஸ் வாற? பூச்சி கொண்டாறதா? காத்தில வாறதா?"

"இந்தச் சாதி பூச்சியாலயும் பரவாது, காத்திலயும் வராது. மரத்திட சாறுக்குள்ள இரிக்கி. வருத்தக்கார மரத்த வெட்டின கத்தியால நல்ல மரத்த வெட்டினா அதுக்கும் பிடிக்கும். உங்கட கூட்டாளி ஒரு மரத்தால மத்த மரத்துக்குப் போற நேரம் கத்தியக் கழுவுறாரா?"

"அவன் கழுவமாட்டான்."

"ஏன்?"

"மந்திரிச்ச கத்தி."

அஸ்ரியா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். "எத்தின வளவுக்கு அங்கிள் அந்தக் கத்தி போகுது?"

"எல்லா வளவுக்கும்," என்றார் கில்பட்.

"அப்ப எல்லாரும் ஒரே நேரத்தில புடுங்கணும். ஒருத்தர் வச்சிக்கிட்டிருந்தா திரும்ப வரும். கத்திய சவுக்காரம் போட்டு நல்லாக் கழுவச் சொல்லுங்க. பால்மாவக் கட்டியாக் கரைச்சி அதில தோய்ச்செடுத்தாலும் நல்லம். கையயும் கழுவணும். புதுத் தடி வாங்கினா கொஞ்சக் காலம் வேற இடத்தில தனிய வச்சி, இலை சுத்தமா வருதா எண்டு பாத்துத்தான் வளவுக்குள்ள எடுக்கணும்."

கில்பட் தலையாட்டினார். நாலு எட்டு நடந்தவரை அஸ்ரியா கூப்பிட்டாள். "அங்கிள், அந்தக் கூட்டாளி எங்க இரிக்காரு?"

"வாடியில," என்றார் திரும்பாமல்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டும் என்றுதான் அந்தச் சனிக்கிழமை போனார். படலையில் செருமினார், போனார், தேத்தண்ணியைக் குடித்தார், வந்தார். அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். மரத்தைப் பிடுங்கினால் பூ இல்லை. பூ இல்லாவிட்டால் வெட்ட ஒன்றுமில்லை. வெட்ட ஒன்றுமில்லாத மனுசன் எந்த முகத்தோடு படலையில் செருமுவது? வாடியில் கிடந்து இரவெல்லாம் யோசித்தார். கற்பிட்டிப் பக்கத்து மின்சாரக் காற்றாடிகள் தூரத்தில் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சுற்றின. அவர் ஒருநாள் எழும்பிக் கத்தியைக் கழுவினார். சவுக்காரம் போட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்து. ஆசீர் போவது கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு வருஷத்துப் பிசின்தான் கறுப்பாகப் போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மரத்துக்கும் கழுவினார். ஆனால் வாய் மட்டும் திறக்கவில்லை.

வைகாசியில் சோளகம் உரத்தது. கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரை ஏறின. ஆலங்குடாப் பக்கம் வெள்ளைக்காரர்கள் பட்டங்களைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இழுபட்டார்கள். மீன்பிடிகாரர்கள் பயந்து ஏறிய கடலில் அவர்கள் காசு கொடுத்து இறங்குவதைக் கில்பட் எத்தனை வருஷம் பார்த்தும் பழகவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் யன்னலடி மரத்தில் நிற்கும்போது, வீட்டுக்குள் போன் அடித்தது. அன்ரன் ஞாயிற்றுக்கிழமைதான் எடுப்பான். அனஸ்தாசியா ஓடி வந்து எடுத்தாள். கதைத்துக்கொண்டே வெளியில் வந்தாள். வந்தவள் போனை வெளியே கேட்கிற மாதிரி அமத்தி, கிணற்றுக்கட்டில், தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். நாலு வருஷத்தில் அப்படி வைத்தது அதுதான் முதல் தடவை. கில்பட் கத்தியை இறக்கிக்கொண்டு மெல்லக் கிட்டப் போனார்.

"நாளைக்கும் வேலை அம்மா. அதான் இண்டைக்கு எடுத்தன். சாப்பிட்டீங்களா?"

"ஓம் மகன். புட்டும் சூடைமீன் சொதியும். நீ?"

"பாண்தான்."

"அங்க போயும் பாணா."

அன்ரன் சிரித்தான். "றெக்ஸ் எங்க?"

"காலடியில கிடக்கு."

"அப்பா?"

அனஸ்தாசியா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். "இண்டைக்குச் சனிக்கிழமையெல்லே மகன்," என்றாள்.

அந்தப் பக்கம் அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். அவசரமாகச் சொன்னான், "அம்மா, இண்டைக்கு நாங்க தோட்டம் வெட்டப் போன வீட்டில செவ்வரத்தை கண்டன். குளிரெண்டு கண்ணாடிக் கூட்டுக்க வச்சிருக்கிறாங்க. ஒரேயொரு பூ. அந்த மனிசி என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினது. எனக்கு எங்கட கிணத்தடி மரந்தான் ஞாபகம். நிக்கிதா?"

"நிக்கிது மகன். நல்லா நிக்கிது. பூத்துக் கொட்டுது."

கில்பட் மரத்தைப் பார்த்தார். உச்சியில் நாலு இலையும், முறுகிய ஒரு மொட்டும். அனஸ்தாசியாவின் குரல் வழுவழுவென்று இருந்தது. அந்தக் குரலை அவருக்குத் தெரியும். குசினிக்கு வெள்ளை மாபிள், ஓரத்துக்கு நீலம். இவ்வளவு காலத்துக்குப் பிறகு, இன்னொருவர் வாயால் அதைக் கேட்கும்போதுதான் அது எவ்வளவு நல்ல பொய் என்று விளங்கியது.

"நல்லா இல்ல மகன்," என்றார்.

றெக்ஸ் தலையைத் தூக்கியது.

"அப்பா?"

"ஓம், நான்தான். மரம் நல்லா இல்ல. வைரஸ் பிடிச்சிட்டுது. மூண்டுக்கும். என்ட கத்திதான் ஊரெல்லாம் கொண்டு திரிஞ்சிருக்கு. மருந்து இல்லையாம். பாஸ்குக்கு முதலே எனக்குத் தெரியும். உன்ட அம்மாட்டச் சொல்லேல்ல. இலையக் கிள்ளிக் கிள்ளி மடியில ஒளிச்சுக்கொண்டு போனன்."

"ஏன் அப்பா அப்பிடி?"

கில்பட் அனஸ்தாசியாவைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துத்தான் சொன்னார். "மரம் போனா நான் எந்தச் சாட்டில மகன் இந்தப் படலைக்குள்ள வாறது?"

போனில் காற்று இரைந்தது. அங்கேயா இங்கேயா என்று தெரியவில்லை. அந்த இரைச்சலுக்குள் அன்ரன் தொண்டையைச் சரிசெய்கிற சத்தம் கேட்டது. கில்பட் படலையில் செருமுகிற அதே செருமல்.

"புடுங்குங்க அப்பா. இஞ்ச ஒரு மரம் வெட்டிப்போட்டு கத்தரிக்கோலக் கழுவாம மற்ற மரத்தத் தொட்டா முதலாளி வேலையால நிப்பாட்டிருவான். புடுங்கி எரிங்க. அம்மா, நான் வரும்வரைக்கும் எண்டு வச்சிருக்க வேணாம். எனக்கு இன்னும் விசா சரிவரேல்ல. எப்ப எண்டு சொல்ல ஏலாது."

"ஓம் மகன்," என்றாள் அனஸ்தாசியா. இந்தத் தடவை குரல் வழுவழுப்பாக இல்லை.

போன் அணைந்தது. அவள் அதைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். துடைக்கத் தேவையில்லாத அளவுக்கு நேரம் எடுத்துத் துடைத்தாள்.

"றெக்ஸ், இலை தின்னுற ஆடு ரெண்டு காலில வாறது எனக்குத் தெரியுமெண்டு சொல்லு." கொஞ்சம் பொறுத்து, "மண்வெட்டி கோழிக்கூட்டுக்குப் பின்னால கிடக்கெண்டும் சொல்லு."

யன்னலடி மரமும் குசினி மரமும் மணலில் இலகுவாக வந்தன. கிணற்றடி மரம் வரவில்லை. அதன் வேர் கிணற்றுக்கட்டுக்குக் கீழே, ஈரத்தைத் தேடிப் போயிருந்தது. கில்பட் முழங்கால் அளவு தோண்டினார். அனஸ்தாசியா கிணற்று வாளிக் கயிற்றைக் கழற்றிக்கொண்டு வந்து அடிமரத்தில் கட்டினாள். இரண்டு பேரும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள், கரைவலை இழுப்பது மாதிரி. முன்னால் அவர், பின்னால் அவள். அவள் மூச்சு அவர் கழுத்தில் பட்டது. வேர் அறுந்தபோது இரண்டு பேரும் மணலில் விழுந்தார்கள். கில்பட் கை கொடுக்க நினைத்து நீட்டினார். அவள் கயிற்றைப் பிடித்து எழும்பினாள்.

பச்சை மரம் எரிய நேரமெடுத்தது. ஓலை போட்டு, தேங்காய்ப் பொச்சு போட்டு எரித்தார்கள். புகை சோளகத்தில் படுத்துக்கொண்டு வெங்காயத் தோட்டங்கள் பக்கம் போனது. கண்ணில் தண்ணீர் வந்ததற்குப் புகை இருந்தது வசதியாகப் போயிற்று.

ஊருக்குச் சொல்வது இதைவிடக் கஷ்டமாக இருக்கவில்லை, சத்தம்தான் கூட. ஞாயிறு பூசை முடிய, கில்பட் கோயில் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். இன்னாசிப்பிள்ளை மூப்பர் முதலில் கேட்டது, பெருநாள் முடியட்டுமே என்பதுதான்.

"பெருநாளுக்கு வெட்டினா இன்னும் பரவும், மூப்பர்."

"அப்ப அந்தோனியாருக்கு என்னத்த வைக்கிற?"

"குருத்தோலை கட்டுவம். அவர் ஒண்டும் சொல்லமாட்டார்."

"அவர் சொல்லமாட்டார். சனம் சொல்லும்."

சனம் சொன்னது. பாக்கியம்மா அக்கா தன் படலையிலேயே வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எடேய் கில்பட், நோய் பிடிச்ச தடியயா நீ எனக்கு ரெண்டு தந்தனீ?"

"நீங்கதானே அக்கா ரெண்டு கேட்டனீங்க."

"கேட்டாத் தாறதா? இப்ப மகளின்ட வளவுக்கும் போய்க் கிடக்குமே. மருமகன்ட வாயில நானெல்லோ விழப்போறன். ஏதோ கத்திய பாலில குளிப்பாட்டச் சொல்லினமாம்?"

"பால்மா கரைச்சுத் தோய்க்கிறது அக்கா."

"எங்கட வீட்டுக் குஞ்சுகள் பிளேன்ரி குடிக்குதுகள். இவன்ட கத்திக்குப் பால். நல்ல காலமடா உனக்கு."

திட்டி முடித்து அவளே மண்வெட்டி எடுத்துக் கொடுத்தாள். தடிகளைப் பிடுங்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டு. மூப்பர் மட்டும், கத்திக்குப் பால் என்றதைக் கேட்டுக் கொஞ்சம் சமாதானமானார். மந்திரித்த சாமானைச் சவுக்காரத்தால் கழுவுவதைவிடப் பாலில் தோய்ப்பது மரியாதையாக அவருக்குப் பட்டது. அந்த வருஷம் தேரில் குருத்தோலையும் பனை ஓலைப் பூவும்தான். நல்லாயிருக்கு என்று பாதர் சொன்னார். போன வருஷமும் அவர் நல்லாயிருக்கு என்றுதான் சொன்னார்.

பெருநாள் முடிந்த சனிக்கிழமை கில்பட்டுக்கு வேலை இல்லை. முழுகினார். சேட்டு மாற்றினார். கத்தியைக் கையில் எடுத்தார். எதை வெட்டவென்று தெரியாமலே நடந்தார். படலைக்கு வந்தபோது சங்கிலி இல்லை. ஈரத் துணியும் இல்லை. ஆனால் செருமுவதற்கு ஒரு காரணமும் இல்லை. அப்படியே நின்றார். வளவு, பல்லுப் பிடுங்கிய வாய் மாதிரிக் கிடந்தது.

றெக்ஸ்தான் முதலில் கண்டது. அதன் குரைப்புக்கு அனஸ்தாசியா வெளியில் வந்தாள். கையில் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு தடி. அதில் இரண்டு மொட்டுக் கண்கள். காலை பஸ்ஸில் தில்லையடிக்குப் போய், அஸ்ரியாவின் வீட்டைத் தேடிப் பிடித்து, அஸ்ரியாவின் உம்மா கையால் சோறு தின்ற பிறகே எழும்ப முடிந்து, வாங்கிக்கொண்டு வந்த தடி என்பது பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது.

அவள் படலை வரைக்கும் நடந்து வந்தாள். றெக்ஸ் தனக்கு ஏதோ சொல்லப் போகிறாள் என்று காதை நிமிர்த்தியது.

"இஞ்சேருங்க," என்றாள் அனஸ்தாசியா.

கில்பட் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"உங்களத்தான். இத இப்ப இந்த வளவுக்க வைக்க ஏலாதாம். கொஞ்சக் காலம் தனிய வச்சுப் பாக்கட்டாம், வருத்தம் இருக்கா எண்டு. வாடியில வச்சுப் பாருங்க. தொட முந்திக் கையக் கழுவுங்க. மீன் கையோட தொடாதைங்க."

"ஓம்."

"மஞ்சள் வந்தா வந்திட்டுதெண்டு சொல்லுங்க. கிள்ளி ஒளிக்காதைங்க."

"இல்ல."

"சுத்தமா இலை வந்தாக் கொண்டு வாங்க. நட்டுப்போட்டுச் சாப்பிட்டுப் போகலாம்."

தடியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. தேத்தண்ணியும் இல்லை. கில்பட் ஈரச் சாக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாடிக்கு நடந்தார். பாதி வழியில்தான், பழக்கத்தில் கை பீடியைத் தேடியதைக் கண்டார். எடுக்கவில்லை.

ஒரு பழைய பெயின்ற் வாளியில் அடியில் துளை போட்டு, மணலும் சாணியும் கலந்து தடியை நட்டார். காற்றுப் படாமல் வாடியின் கிழக்குப் பக்கம் வைத்தார். உப்புத் தண்ணீர் வேண்டாமென்று கோயில் தாங்கியிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். மச்சானும் மற்றவர்களும் களப்புக்குப் போக முதல் வாளியை ஒரு சுற்றுப் பார்ப்பார்கள். "என்ன கில்பட் அண்ணே, பிள்ளைக்குக் காய்ச்சலா?" என்பார்கள். அவர் கடலைப் பார்க்க முதல் அதைப் பார்ப்பார். முதல் கண் பிளந்தது. பச்சையாக ஒரு சுருள். பிறகு அது விரிந்து ஒரு இலையானது. இன்னொன்று வந்தது.

ஒரு காலை, வலையில் பட்ட மணலை மீன்களைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து வாளியடியில் குனிந்தார். புது இலையின் நடுவில் ஒரு வளையம். வட்டமாக, மஞ்சளாக, வெயிலில் மினுங்கிக்கொண்டு.

அவர் வாளிக்கு முன்னால் மணலில் இருந்துவிட்டார். கிள்ளிவிட்டால் யாருக்கும் தெரியாது. விரல் இலை வரைக்கும் போனது. போன விரலை இழுத்துக்கொண்டார். எழும்பி, அப்படியே வீட்டுப் பக்கம் நாலு எட்டு வைத்தார், போய்ச் சொல்லிவிடுவோம் என்று. சொல்வதற்கு முதல் நன்றாகப் பார்க்கச் சொல்லுவாளே என்று திரும்பி வந்தார். சவுக்காரம் போட்டுக் கை கழுவினார். இலையை விரலில் ஏந்தி வெளிச்சத்துக்குத் திருப்பினார். வளையத்தின் ஒரு ஓரம் தூக்கியபடி இருந்தது. நகத்தால் தட்டினார். அது பறந்துபோனது.

மீன் செதிள்.

கீழே இலை, பாசிப் பயறு மாதிரிப் பச்சை.

இந்தச் சனிக்கிழமை கொண்டு போவதற்கு இந்த இரண்டு இலை காணாது. அடுத்த சனிக்கிழமைக்கும் காணாது. அது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாடிக்குள் போய், இருப்பதில் நல்ல சேட்டை எடுத்துத் துவைத்து, கயிற்றில் கொழுவினார். சோளகம் அதற்குள் புகுந்து கையை நிரப்பி, நெஞ்சை நிரப்பி, வீட்டுப் பக்கமாகத் தூக்கியது. சேட்டு அவருக்கு முதலே புறப்பட்டு நின்றது.